மூணு சட்டை, மூணு தாள், ஒரு கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மூணு நாள் மதுரையில் ஒரு வேலை. முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால், நாலு வீடு தள்ளி இருக்கிற சங்கரன் அண்ணாச்சி வீடு பூட்டிக் கிடக்கிறது!

அண்ணாச்சிக்கு வயசு எழுபத்திரெண்டு. அரசு ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. நாலு மாசத்துக்கு முன்னாடி பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அமெரிக்காவில் இருக்கிற மகனிடம் மூச்சு விடவில்லை. வாராவாரம் போனில், “எனக்கென்னலே, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்” என்று அளந்துவிட்டிருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும் மகன் முருகன் அலறியடித்துக்கொண்டு வந்தான். “இனிமே உங்க வார்த்தைய நம்ப மாட்டேன்ப்பா. மெட்ராஸ்ல அக்கா வீட்டுக்குப் போயிருங்க!”

மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். குறுக்குத்துறை ஆற்றில் முங்கிக் குளித்த உடம்பு, மூணாவது மாடி ஃப்ளாட்டில் போய் என்ன செய்யும்? கடைசியில் ஒரு உடன்படிக்கை. தினமும் அப்பா முகத்தை அவன் பார்த்தாக வேண்டும். தனியாக பஸ் ஏறக் கூடாது. ஒரு நாள் படம் தவறினாலும் மெட்ராஸ்தான்.

படத்துக்கு வழி? பழைய லேப்டாப் ஒன்றையும், முட்டை மாதிரி ஒரு கறுப்பு வெள்ளை கேமராவையும் என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். தெருவில் இன்டர்நெட் வைத்திருக்கிற ஒரே அப்பாவி நான்தானே!

லேப்டாப்பா அது? எட்டு எம்.பி. மெமரி. விண்டோஸ் போட்டால், அது கண் விழிப்பதற்குள் ரத வீதி நாலையும் சுற்றி வந்துவிடலாம். “லினக்ஸ் போடுங்க மாமா, அதுக்கு இது போதும்” என்று மெயில் அனுப்பினான். சி.டி. போட இடம் கிடையாது. எல்லாம் ப்ளாப்பி. இருபது ப்ளாப்பியில் பதினேழாவது படுத்துக்கொண்டது... திரும்ப முதலிலிருந்து! மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. மூணு நாள் முட்டி மோதி, அவன் சொன்ன காவல் புரோகிராமை ஏற்றினேன். எதிரே ஏதாவது அசைந்தால் படம் எடுக்கும். எடுத்த தேதியையும் நேரத்தையும் படத்துக்குப் பெயராக வைக்கும்.

அண்ணாச்சி வீட்டில் வைத்த முதல் நாளே முந்நூறு படம். டிஸ்க் நிரம்பி மெஷின் நின்றுவிட்டது. ஒன்றில்கூட அண்ணாச்சி இல்லை — ஃபேன் காற்றில் படபடக்கிற தினசரி காலண்டர்! அப்புறம்தான் காலை ஏழிலிருந்து ஏழேகால் வரை மட்டும் பார்த்தால் போதும் என்று அதற்குச் சொல்லிவைத்தேன்.

அதிலிருந்து அண்ணாச்சி தினமும் சவரம் செய்து, விபூதி பூசி, தேய்த்த சட்டை போட்டு, காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டு அதன் கீழே உட்காருவார். நான் படத்தை ப்ளாப்பியில் எடுத்துவந்து மெயிலில் அனுப்புவேன். மதுரை போகிறபோது, மூணு நாள் படத்தை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அனுப்புகிறேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தேன்.

இப்போது வீடு பூட்டு. என்னிடம் ஒரு சாவி உண்டு. திறந்து, நேரே பாத்ரூமுக்கு ஓடினேன். இல்லை. கட்டிலில் இல்லை. ஆனால் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்! அப்படியென்றால் காலையில் இருந்திருக்கிறாரே?

லேப்டாப்பைப் பார்த்தேன். அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிற படம் மூணே மூணு. வெள்ளிக்கிழமைத் தாளோடு கோடு போட்ட சட்டை. சனிக்கிழமைத் தாளோடு வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமைத் தாளோடு கட்டம் போட்டது. எடுத்த நேரம்? எல்லாமே வெள்ளிக்கிழமை — ஏழு இரண்டு, ஏழு ஆறு, ஏழு பதினொன்று!

மூணு நாள் முகத்தையும் ஒரே காலையில் காட்டிவிட்டு மனுஷர் எங்கேயோ கிளம்பியிருக்கிறார்! அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணி வர்ற அளவுக்குச் சிரித்தேன்.

சாயங்காலம் தாம்பூலப் பையோடு வந்து இறங்கினார். ஏரலில், கூட வேலை பார்த்தவர் பேத்தி கல்யாணமாம்.

“போவாம இருக்க முடியுமாவே? மூணு நாளும் தேதியோட இருக்குல்லா! லீவுக்குப் போறவன் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுட்டுப் போறதில்லையா?”

“அண்ணாச்சி, எத்தன மணிக்குப் பிடிச்ச படம்னு அந்தப் பெட்டி எழுதி வச்சிருக்கு.”

முகம் அப்படியே விழுந்துபோயிற்று. “அவன்ட்ட சொல்லிராதீரும்வே. மெட்ராசுக்குக் கொண்டு போயிருவான். அங்கன மகள விட்டா எனக்கு யாரத் தெரியும்?”

எனக்கு மனசு கேட்கவில்லை. ரெண்டு படத்தின் பெயரை மாற்றி, சனி, ஞாயிறு என்று ஆக்கி அனுப்பினேன். ஆமாம், திருட்டுத்தனம்தான். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

மறுநாள் முருகனிடமிருந்து பதில், ஆங்கில எழுத்தில் தமிழ்.

“மாமா, மூணு நாளும் சட்டை வேற வேற. ஆனா மூணு நாளும் இடது காதுல அதே சோப்பு நுரை! ஏரல் கல்யாணம் நல்லா நடந்துச்சா? எனக்கும் பத்திரிகை வந்துச்சு. இவ்வளவு தில்லுமுல்லு பண்ணி, பஸ் ஏறிப் போயிட்டு வர்ற மனுஷருக்குக் காவல் எதுக்கு? மெட்ராஸ் வேண்டாம். கேமராவக் கழட்டிருங்க.”

குதித்துக்கொண்டு ஓடினேன். படித்துக் காட்டினேன். மெட்ராஸ் வேண்டாம் என்றதும் அண்ணாச்சி கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கேமரா ஒயரில் கை வைத்தேன்.

“கழட்டாதீரும்வே.”

“ஏன் அண்ணாச்சி? அதான் விடுதலை ஆயாச்சே!”

மழித்த தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு பையச் சொன்னார். “அவன் பாக்கான்னுதான் தெனமும் எந்திரிச்சு சவரம் பண்ணுதேன். அது இல்லன்னா, யாருக்காவப் பண்ணணும்?”

ஒயரை விட்டுவிட்டேன்.

இன்றைக்குக் காலைப் படம் போய்விட்டது. காது சுத்தம்!