பதினெட்டுக் காகித விளக்குகள்

என் மனைவி ரஞ்சிதம் கடையில் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு கடைக்காரரையும் ஒரு பார்வை பார்ப்பாள். கல்யாணமான புதிதில் தேயிலை ஃபேக்டரியிலிருந்து நான் அரை மணி தாமதமாக வந்தால், "எந்த மிஷின் கெட்டுப்போச்சு? அதச் சொல்லுங்க" என்பாள். மறுநாள் யாரிடமாவது விசாரித்தும் கொள்வாள். இருபத்திரண்டு வருடமாகிறது. எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

எங்கள் தோட்டத்துப் பாலர் பள்ளிக்கு அவள்தான் ஆசிரியை. பதினெட்டுப் பிள்ளைகள், எல்லாம் ஐந்து ஆறு வயது. அவளுடைய சந்தேகப் புத்தி அங்கே நன்றாகவே வேலை செய்யும். காய்ச்சலை மறைத்துப் பிள்ளையை அனுப்பும் தாயை வாசலிலேயே பிடித்துவிடுவாள். மூக்குக்குள் பட்டாணியைப் போட்டுக்கொண்டு நல்லவன்போல் உட்கார்ந்திருந்த பயலை, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் அவள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பிள்ளைகள் காகித விளக்கு செய்வார்கள். வண்ணத்தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்பிலிருந்து கத்தரியால் கீறி, விரித்து உருட்டி ஒட்டினால் கூண்டு விளக்கு. உள்ளே மஞ்சள் தாளில் ஒரு சுடர். ஐந்து வயதுக் கைக்கு அது பெரிய வேலை. ஓரம்வரை வெட்டிவிட்டு இரண்டு துண்டோடு அழுகிறவர்கள் பாதிப்பேர். லீவு விடும் நாளில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலில் கட்டுவார்கள்.

இந்த வருடம் அவளுக்குக் கடைப் பசையின்மேல் சந்தேகம் வந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ எதையோ அனுப்பியிருந்தார்கள்.

"புள்ளைங்க விரல நக்குதுங்க. இதுல என்னத்தப் போட்டுருக்கானோ!"

டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டில் மைதா மாவைக் காய்ச்சினாள். கட்டி விழாமல் கிண்டிக் கொடுத்தது நான்தான்.

திங்கட்கிழமை ஆறு விளக்குகள் ஆயின. காய்வதற்காகச் சுவரோரம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் காலையில் நான்குதான் இருந்தன.

காலையில் பள்ளியைத் திறப்பவள் உதவியாளர் மலர். மலைக்குக் கீழே ரிங்லெட் ஊரில் பிறந்து எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ரஞ்சிதம் போய்ச் சேருவதற்குள் கூட்டித் துடைத்து வைத்துவிடுவாள். அவளுடைய மகள் அன்பரசியும் அந்தப் பதினெட்டில் ஒருத்தி.

"எலியா இருக்கும் டீச்சர். துணுக்கு துணுக்கா கெடந்துச்சு, கூட்டித் தள்ளிட்டேன்," என்றாள் மலர்.

அந்தப் பதிலிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது ரஞ்சிதம் கேட்டாள்: "எலின்னா அந்தத் துணுக்க எனக்குக் காட்டியிருக்கணும்ல? அப்படி என்ன அவசரம் கூட்டுறதுக்கு? போன வருஷமும் எலி இருந்துச்சு, அது ஏன் தொடல?"

"காகித விளக்க வச்சு அந்தப் பொண்ணு என்ன செய்யப்போவுது?"

"அவ தம்பி புனிதன் கியா பார்ம் சந்தையில ஸ்ட்ராபெரி கடை போட்டுருக்கான்லா. தீபாவளி லீவுக்குக் கூட்டம் வரும். அலங்காரம் கட்ட வேணாமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மோட்டார் சைக்கிளை எடுக்க வைத்தாள். பிரிஞ்சாங் டவுன் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். புனிதன் கடையில் சிவப்புக் காகித விளக்குகள் வரிசையாகத் தொங்கின. ரஞ்சிதம் என் முதுகில் கிள்ளினாள். தான் வாயில் வைக்காத ஸ்ட்ராபெரியில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் கம்பெனி முத்திரை இருந்தது. திரும்பி வந்து வீட்டுப் படியேறும்போது, "நாம வர்றது தெரிஞ்சு மாத்திட்டான்," என்றாள்.

மறுவாரம் தினம் ஒன்றோ இரண்டோ போயிற்று. மலர் காலையில் எடுத்து ஒளித்து வைத்து, பள்ளி விட்டதும் பையில் கொண்டு போகிறாள் என்பது ரஞ்சிதத்தின் கணக்கு. முதல் நாள், "சாவி உன் பையில இருக்கா பாரு" என்று சுற்றி வளைத்தாள். அடுத்த நாளிலிருந்து நேராகவே, "பையத் திற மலர்" என்றாள். மலர் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள்: தண்ணீர் போத்தல், துண்டு, சாப்பாட்டு டப்பா, மகளின் ஸ்வெட்டர். அன்பரசி அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரஞ்சிதத்தை அழைக்கப் போன இரண்டு நாளும் நானே பார்த்தேன்.

"இது நல்லா இல்ல," என்றேன்.

"அடிச்சேனா, திட்டினேனா? பாக்குறேன், அவ்ளோதான்."

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குள்ளும் கொஞ்சம் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை ரஞ்சிதம் பொறுமை இழந்தாள். "இனி ஒன்னு போச்சுன்னா சாமிநாதன்கிட்ட சொல்லி உன்ன நிறுத்திடுவேன்," என்றாள். சாமிநாதன் பெற்றோர் குழுவின் தலைவர். மலரின் கணவனுக்குக் காய்கறித் தோட்டத்தில் கூப்பிட்ட நாளில்தான் வேலை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அது ரஞ்சிதத்துக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மூன்று விளக்குகள் இல்லை. சாமிநாதன் வந்து, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று மலரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் அழாமல் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாளாம்.

அன்று பிற்பகல் கொட்டிய மழையில் பள்ளிக்கூரை ஒழுகியது. ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். கூரைக்கு அடியில் ஈரமாகியிருந்த மேல்தட்டுப் பலகையை நகர்த்தினால், மூலையில் ஒரு குவியல். சிவப்பு, பச்சை, தங்க நிறத்தில் கடித்துக் குதறிய வண்ணத்தாள். நடுவே கண் திறக்காத ஆறு எலிக்குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருந்தன.

ரஞ்சிதம் என் வார்த்தையை நம்பவில்லை. தானே ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"மைதாப் பசை," என்றாள். "கடைப் பசையா இருந்தா தொட்டிருக்காதுங்க."

கீழே இறங்கியவள் ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் மலரின் வீட்டுக்குப் போனோம். ரஞ்சிதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டார் பார்க்கப் பார்க்க அழுதாள். தப்பு தன்னுடையது என்று சாமிநாதனையும் வரவழைத்துச் சொன்னாள்.

"பரவால்ல டீச்சர்," என்றாள் மலர். "நான் எலின்னு அன்னைக்கே சொன்னேன்லா."

திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். பிள்ளைகள் மறுபடி வெட்டினார்கள், மறுபடி அழுதார்கள், கடைப் பசையில் ஒட்டினார்கள். பதினெட்டு விளக்கும் கயிற்றில் அப்படியே இருந்தன. விஷயம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

லீவு விடும் நாளில் ரஞ்சிதத்தை அழைத்துவரப் போனேன். அவள் ஒவ்வொருவர் பையிலும் அவரவர் விளக்கை நசுங்காமல் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். வரிசையில் முதலில் நின்ற அன்பரசி வாசலைத் தாண்டாமல் மேசைக்குத் திரும்பி வந்தாள். பையை எக்கித் தூக்கி வைத்து ஜிப்பைத் திறந்தாள்.

"பாருங்க டீச்சர். ஒன்னுதான் இருக்கு. என்னோடதுதான்."

பின்னால் நின்ற கோகிலனும் தன் பையைத் திறந்தான். அடுத்தவளும் திறந்தாள். வீட்டுக்குப் போகுமுன் இப்படித்தான் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. வரிசை முழுக்கப் பைகள் திறந்திருந்தன.

மலர் துடைப்பத்தோடு ஓரமாக நின்றாள். மகளைக் கூப்பிடவில்லை.

ரஞ்சிதம் அந்தப் பையை மூடப் பார்த்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.

"வேணாம்மா. டீச்சர் பாக்க வேணாம்," என்றாள்.

"பாருங்க டீச்சர்," என்றாள் அன்பரசி. "பாத்தாதான அம்மாவ வீட்டுக்கு விடுவீங்க."