இரண்டு முறை தூக்கிய கொடி

பழவேற்காட்டில் தந்தி அடிக்கும் ஜலீலுக்கு எதையும் சுருக்கித்தான் பழக்கம். அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒரே தட்டல், எப்போதாவது வருவதற்கு நாலு தட்டல். இருபது வருடமாக அவர் விரல்கள் அந்தக் கணக்கில்தான் ஓடின.

முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தின் தலைவர் தேசப்பன் 1976இல் அவரிடம் வந்தார். "கடல்லேர்ந்து திரும்புற படகுக்கு, உள்ள வரலாமா வேணாமானு கரையிலேர்ந்தே சொல்லணும் பாய். ஒரு வழி பண்ணிக் குடு."

ஜலீல் யோசிக்கவே இல்லை. கொடியை ஒரு முறை தூக்கினால் 'வா'. இரண்டு முறை தூக்கினால் 'வராதே'. தினமும் சொல்ல வேண்டியது 'வா'தானே, அதற்கு ஒன்று போதும்.

"தந்திக்காரன் மூளைன்னா சும்மாவா!" என்றார் தேசப்பன்.

சவுக்குக் கழியில் சிவப்புத் துணியைக் கட்டி மணல்மேட்டில் நிற்கும் வேலை, புருஷனை இழந்த லோகநாயகிக்குக் கிடைத்தது.

இரண்டு வருடம் ஒரு பிசகும் இல்லை. பிறகு மழை கொட்டிய ஓர் ஐப்பசிக் காலை, முகத்துவாரத்தில் அலைகள் மடங்கி உடைந்துகொண்டிருந்தபோது, கங்காதரனின் படகு உள்ளே வந்து கவிழ்ந்தது. அவன் நீந்திக் கரையேறினான். அவன் தம்பி பச்சைமுத்து ஏறவில்லை.

"ஒரு வாட்டிதான் தூக்குனா. என் கண்ணால பாத்தேன்" என்றான் கங்காதரன்.

"ரெண்டு வாட்டி தூக்குனேன்" என்றாள் லோகநாயகி.

குப்பம் கங்காதரனை நம்பியது. நல்ல தண்ணீர்க் கிணற்றுப் பக்கமே அவள் வரக் கூடாது என்று முடிவானது.

கேள்விப்பட்டதுமே ஜலீலுக்கு விளங்கிவிட்டது. இருவர் சொன்னதும் நிஜம். நடுவில் அடித்த மழை ஒரு தூக்கலை மறைத்திருக்கிறது. தந்தியில் ஒரு தட்டல் தவறினால் எதிர்முனைக்காரன் திரும்பக் கேட்பான். படகிலிருப்பவன் யாரைக் கேட்பான்? ஒன்று தொலைந்தால் 'வராதே' என்பதே 'வா' ஆகிவிடும். 'வா'வுக்கு மூன்று வைத்து, குறைந்தால் கடலிலேயே நில் என்று சொல்லியிருக்க வேண்டும். தவறு கொடி பிடித்தவளுடையது அல்ல.

அதைக் குப்பத்துக்குப் போய்ச் சொல்ல அவருக்குப் பத்து நாள் ஆயிற்று.

சொல்லி முடித்ததும் கங்காதரன் அவரை அடிக்கப் பாய்ந்தான். நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். லோகநாயகி மட்டும் நிதானமாகக் கேட்டாள்:

"ஒனக்கு எப்பத் தெரியும் பாய்?"

"அன்னிக்கே தெரியும்."

"இத்தினி நாளா எம்பொண்ணு உப்புத் தண்ணியக் குடிச்சிக்கினு பேதியில கெடக்குது. அது தெரியுமா?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் விலகி வழிவிடவும் இல்லை.