வெள்ளை டட்சனின் இடப்பக்க இருக்கை

இதைப் பொலிசிடமும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். 2023 டிசம்பர் 14, சட்டன் நகரில், என் வீட்டு முன்னறையில்.

என் நண்பன் சஞ்சயன் அதற்கு ஓராண்டுக்கு முன் கார் விபத்தில் இறந்தான். கூடப் போன எங்கள் இன்னொரு நண்பன் மிதுலன் கீறல்களோடு தப்பினான். இருவருமே காரிலிருந்து வெளியே வீசப்பட்டுக் கிடந்தார்கள். "சஞ்சயன்தான் ஓட்டினவன். நல்லாக் குடிச்சிருந்தவன்." மிதுலன் சொன்னதை எல்லோரும் நம்பினோம். சஞ்சயனின் அம்மா கமலாம்பிகை அன்ரி கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஆட்கள் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியவில்லை.

மகனின் கேம் பெட்டியையும் ஸ்டியரிங்கையும் அந்த டிசம்பர் 14 அன்று அவர்தான் என்னிடம் தந்தார்.

"வீட்டில வச்சுப் பாக்க ஏலாது, சுஜீத்."

மாலை 4:20. குளிர்காலம், வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. ஸ்டியரிங்கை மேசையில் பூட்டி, அதன் பெடல்களைக் காலடியில் வைத்து, கார் ரேஸ் விளையாட்டைத் திறந்தேன். சஞ்சயன் ஆசையாக ஓட்டும் கார் நின்றது. 1972 டட்சன் 240Z. வெள்ளை. மலைப்பாதையில் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் கையில் துடித்தது.

4:31. ஓட்டியதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காரின் இடப்பக்க இருக்கையில் ஒருவன் இருந்தான்.

அந்த விளையாட்டில் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் இருந்தான். குனிந்த தலை... இப்போது கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

4:44. கதவு மணி. வேலை முடிந்து மிதுலன் வந்திருந்தான். திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"ஆரடா அது?"

"தெரியேல்லை. நீ ஓட்டிப் பார்."

சிரிக்கப் பார்த்தான். உட்கார்ந்தான்.

கார் கிளம்பியது. பிரேக்கை மிதித்தான். நிற்கவில்லை. 90... 110... 130...

இஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

திரையில் மலைப்பாதை இல்லை. மழை ஈரத்தில் மின்னும் வீதி. ஒரு ரவுண்டபௌட். சஞ்சயன் செத்த இடம்.

"சுஜீத்... கையை எடுக்க ஏலாதடா!"

ஸ்டியரிங் திரும்பியது. மெதுவாக.

டக்.

வலது மணிக்கட்டு.

பிளக்கைப் பிடுங்க ஓடினேன்.

"விடு சஞ்சயன்! நான்தான் ஓட்டினனான்! நான்தான் குடிச்சிருந்தனான்!"

என் கை பிளக்கில் இருந்தது.

பிடுங்கவில்லை.

இதை மட்டும் பொலிசுக்குச் சொல்லவில்லை.

டக்.

இடது.

4:52. ஸ்டியரிங் நின்றது. திரையில் இடப்பக்க இருக்கை காலி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே மிதுலன் பொலிசிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இப்போது சிறையில் இருக்கிறான். அவன் கைகள் இனி எதையும் இறுக்கிப் பிடிக்காதாம். அன்ரி மறுபடி கோயிலுக்குப் போகிறார்.

ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டார் பழுதாகியிருக்கும், அவ்வளவுதான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜனவரியில் அதை ஹரோவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இந்தச் சாமான்களைத் திருத்தும் றொசானா மூடியைக் கழற்றினாள். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

"அண்ணை, இது தானாத் திரும்பவே ஏலாது. உள்ளுக்கு மோட்டார் இல்லை."

அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் தம்பி, மோட்டார் பழுதெண்டு அவன்தான் கழட்டினவன். சாகிறதுக்கு முதல் கிழமை. இன்னும் அவன்ர மேசை லாச்சிக்குள்ளதான் கிடக்கு."