அஸீமா பார்த்த வண்ணத்துப்பூச்சி

ஓட்டமாவடியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள் அஸீமா. முற்றத்தில் நின்ற தேசி எனும் எலுமிச்சை மரத்தில் புழுக்கள் இலை தின்றபோது மருந்தடிக்கத்தான் நினைத்தாள். பூச்சிகளை ஆராய ஊருக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவி யசோதினி தடுத்தாள்.

“இது லேசில காணக் கிடைக்காத வண்ணத்துப்பூச்சிட புழு, ராத்தா. கூட்டை விட்டு வெளிய வரக்குள்ள போட்டோ எடுத்து அனுப்புங்க. படம் இருந்தாத்தான் பதிவில சேக்கலாம்.”

குருவிகள் கொத்தியதுபோக ஒரேயொரு கூடு மிஞ்சியது. ஒரு காலை, அஸீமா மா பிசைந்துகொண்டிருந்தபோது அது வெடித்தது. எழுந்து மரத்தடிக்குப் போனாள். கசங்கிய கறுப்புச் சிறகுகள் மெல்ல விரிந்தன. நடுவே நீலம் தெரிந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பூச்சி மதிலுக்கு மேலால் பறந்துபோனது.

“கையெல்லாம் மா, புள்ள. போட்டோ எடுக்க ஏலாமப் போயிட்டு,” என்று யசோதினிக்குப் போனில் சொன்னாள்.

கை கழுவ நேரம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நிமிடம்கூட அந்தப் பக்கமிருந்து திரும்ப மனம் வரவில்லை. எதுவும் செய்யாமல் ஒன்றை அவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

“பரவாயில்ல ராத்தா. எப்பிடி இருந்திச்செண்டு சொல்லுங்க,” என்றாள் யசோதினி.

நீலம் என்று தொடங்கினாள் அஸீமா. அந்தச் சொல் போதவில்லை. வேறு சொல் தேடித் தேடி நெடுநேரம் பேசினாள்.