கரிமருந்துப் பேணி

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்ண் வந்தபோது கிளென் வேவர்லியில் இப்போதிருப்பதில் பாதி வீடுகூட எழும்பவில்லை. என் கணவர் பள்ளிக்கூடமொன்றில் இரசாயனம் படிப்பித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். முந்தின வருடம் அவருடைய கணவர் மான் வேட்டைக்குப் போன இடத்தில் துவக்குக் குழாய் வெடித்துச் செத்துப்போனார். வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய காலத்துத் துவக்கு. எங்கள் வன்னியில் இடியன் என்பார்களே, அதேதான்.

அவர்களுடைய ஒரே மகன் பொலிசிடம் தானாகவே போய்ச் சொன்னானாம், துவக்கைத் துடைத்தது நான்தான், துணியைக் குழாய்க்குள் மறந்து விட்டுவிட்டேன் என்று. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். செத்தவீடு முடிந்த கையோடு அவன் சிட்னிக்குப் போனவன், பிறகு வரவேயில்லை. அந்த வீட்டில் பொழுதுபட்டாலும் விளக்கு எரியாது. இருட்டுக்குள் கதிரையில் அந்த அம்மா இருப்பது எங்கள் குசினி யன்னலால் தெரியும். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயம். அதற்காக யன்னலைச் சாத்தவும் மனம் வராது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் தகரப் பேணி ஒன்றோடு வந்தார். கணவரின் வெடிமருந்துப் பேணி.

"என்ர மகன் கவனமில்லாத பிள்ளை இல்லை. இந்த மருந்தில ஏதும் பிழை இருக்கோ எண்டு பாருங்கோ." அவர் இங்கிலீஷில் கேட்டது இன்றைக்கு என் காதில் இப்படித்தான் கேட்கிறது.

என் கணவருக்குச் சொல்லவா வேண்டும்! வெள்ளைத் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடியும் ஊசியுமாகக் குந்திவிட்டார். உடைந்த கரித் துண்டுகள் போன்ற கரிமருந்துக்கு நடுவே ஒரே அளவான, தட்டையான சின்ன மணிகள் கிடந்தன. இரண்டையும் பிரித்து, இரண்டு சாசரில் வைத்து, வளவுக்குள் கொண்டுபோய் நெருப்பு வைத்தார். கரிமருந்து குப்பென்று வெள்ளைப் புகையைக் கக்கிச் சாசரைக் கறுப்பாக்கியது. கந்தக நாற்றம். வீடு மாறின பிறகும் அது என்னைவிட்டுப் போகவில்லை. மற்றது மஞ்சளாக எரிந்து தீர்ந்தது. புகையென்று சொல்ல ஒன்றுமில்லை.

"இந்தத் தட்டை மணி இந்தக் காலத்து றைபிள் தோட்டாவுக்குப் போடுறது. இடியனுக்குக் கரிமருந்து மட்டும்தான் எண்டு வேட்டைக்காரரின்ர விதியிலயே இருக்கு. இதைப் போட்டால் குழாய் தாங்காது. உங்கட மகனில ஒரு பிழையுமில்லை. ஆரோ ரெண்டையும் கலந்துபோட்டினம்," என்றார். விடை கண்டுபிடித்த புளுகத்தில் முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. அந்தக் கடைசி வசனத்தை விழுங்கியிருக்கலாம் மனுசன்.

மகனில் பிழையில்லை என்றதும் அந்த அம்மா கண்ணீரோடு சிரித்தார். பிறகுதான் மற்றது விளங்கியிருக்க வேண்டும்.

"நான்தான்," என்றார். கணவரிடம் றைபிளும் இருந்ததாம். கொட்டிலைத் துப்புரவாக்கும்போது இரண்டு பேணியில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிடந்ததாம். இடம் மிச்சமாகும் என்று ஒன்றாகக் கொட்டினாராம். நானும் என் குசினியில் நாளாந்தம் செய்கிற வேலைதான்.

எங்கள் தொலைபேசியிலேயே சிட்னிக்கு எடுத்தார். நாங்கள் எழும்பி வெளியே போகப் பார்த்தோம். போகவேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"உன்னில பிழையில்லை. நான்தான் கலந்தனான்," என்றார் மகனிடம். அதற்குப் பிறகு அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். வைத்துவிட்ட பிறகும் கை ரிசீவரிலேயே கிடந்தது.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"தனக்குத் தெரியுமாம். அண்டைக்கே பேணியைத் திறந்து பார்த்தவனாம். கொட்டிலைத் துப்புரவாக்கினது நான் எண்டும் தெரியுமாம். குழாய்க்குள்ள துணி எண்டு ஒண்டு இருக்கவேயில்லையாம். என்ர முகத்தைப் பார்த்தால் வாய்தவறிச் சொல்லிப்போடுவன் எண்டுதான் இவ்வளவு நாளும் வீட்டை வராமல் இருந்தவனாம்."