இருபத்திரண்டு நிமிடம்

ஸ்கூடாய் நகரத் தொழிற்சாலை ஒன்றில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, ஆறாம் மெஷினில் ஓர் அக்கா வேலை பார்த்தார். மெலிந்த உடம்பு, நீலச் சட்டை, கழுத்தில் சிறிய சிலுவை. மெஷின் எதற்காக நின்றாலும் முதலில் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். நின்ற நிமிடங்களை அவர் சொல்ல, நான் ‘டவுன்டைம்’ தாளில் எழுதுவேன்.

ஒருமுறை கேட்டார்: “மெஷின் நின்னா டவுன்டைம். நாங்க நின்னா என்னா பேரு தம்பி?”

“அது சோம்பேறித்தனம் லா, அக்கா.”

அவரும் சிரித்தார்.

ஒரு நாள் மதியம் அவருடைய கணவர் இறந்துவிட்டதாக ஆபிசுக்குப் போன் வந்தது. நான்தான் போய்ச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாற்றாள் வந்த பிறகுதான் மெஷின் ஓடியது.

தாளில் காரணம் குறித்தாக வேண்டும். அங்கிருந்த கட்டங்களில் சாவுக்கு இடமில்லை. ‘ஆப்பரேட்டர் கோளாறு’ என்பதில் டிக் போட்டு, இருபது நிமிடம் என்று எழுதினேன்.

பையோடு புறப்பட்டவர் என் பக்கத்தில் நின்று அதைப் படித்தார்.

“இருவது இல்ல தம்பி. இருவத்திரெண்டு.”

எதற்காகச் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் நிமிடத்தை மட்டும் திருத்தினேன்.