அழிக்க வேண்டாம்

போன கிழமை புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடுதிரைப் பலகை ஒன்றைத் திறந்துவைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று என்னையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அது என்னைவிட நீளம்; எழும்பும்போது நானே அதை மிதித்துத் தடுமாறினேன். திரையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்கவில்லை. உரித்தால் பழசாகிவிடுமாம். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு அகதி முகாம் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறில் முஸ்லிம்கள் என்று விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வந்த எங்களுக்குக் கிடைத்த முதல் கூரையும் பிளாஸ்டிக்தான். வெயில் ஏறினால் இதே வாசம், தலையிடி இலவசம். காலையில் ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன பிறகு, பின்னேரம் எங்கள் பிள்ளைகளுக்கு இதே பள்ளிக்கூடத்தில் இடம் தந்தார்கள். நான் தொண்டர் ஆசிரியன். சம்பளமாகப் பெற்றோர் இறைவனிடம் கேட்ட துஆ நிறையக் கிடைத்தது.

இடம் தந்தார்கள் என்றுதான் சொன்னேன், கரும்பலகை தந்தார்கள் என்று சொல்லவில்லை. காலை டீச்சர் பலகை நிறைய எழுதி, மூலையில் 'அழிக்க வேண்டாம்' என்று பெட்டி கட்டிவிட்டுப் போவார். முத்து முத்தான எழுத்து, குறை சொல்ல முடியாது. கீழே ஒரு சாண் மிச்சம் இருக்கும். அந்தச் சாணுக்குள் முழங்காலில் நின்று நாலாம் ஆண்டுக்கு வகுத்தல் நடத்தினேன். வகுத்தல் கணக்கு கீழே இறங்கிக்கொண்டே போகுமல்லவா, மீதியைச் சீமெந்துத் தரையில் எழுதினேன். பின் வாங்குப் பிள்ளைகளுக்கு என் முதுகு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வருசம் காலைப் பிள்ளைகளோடு அதே புலமைப்பரிசில் சோதனையை எழுத வேண்டியவர்கள் இவர்கள்.

பள்ளிக்கூட அதிபரிடம் முறையிட்டேன். நல்ல மனுசன், தேத்தண்ணி தந்தார். "தற்காலிகமாத்தானே சேர், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார். நானும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒரு வருசம் அனுசரித்தேன். வீரத்தில் எனக்கு என்றைக்கும் குறைவில்லை.

றகுமா தாத்தாவுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை. எங்களில் அக்காவைத் தாத்தா என்போம். நீங்கள் மீசையைத் தேடாதீர்கள். முகாமில் தென்னோலைக் கிடுகு பின்னுகிறவர், அவருடைய மகள் என் வகுப்பு. ஒருநாள் பின் வாங்கில் வந்திருந்து என் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்கே முகாமில் குடிலுக்குக் குடில் போய்க் கதைத்தார். மறுநாள் காலை மணி அடிக்க முன்னமே எங்கள் பிள்ளைகளின் உம்மாமார் ஒன்பது பேர் அந்த வகுப்பில் சுவரோரம் பாய் விரித்து இருந்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தியிருந்தார்கள், சாட்சிக்கு.

டீச்சர் டஸ்டரை எடுத்தார். றகுமா தாத்தா மரியாதையாக எழும்பிப் பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், அழிக்க வேண்டாமெண்டு போட்டிருக்கே. ஆராவது அழிச்சா பழி எங்கட பிள்ளைகள்ற தலையிலதான் விழும். அதான் காவலுக்கு வந்தம்."

"அது நான் எழுதினதுதானே?"

"ஓம் டீச்சர். உங்கட எழுத்துக்குத்தான் மரியாத குடுக்கிறம்."

காலை வகுப்பு மூன்று நாள் பலகையில் கிடந்த அதே இலை வகைகளைப் படித்தது. அதிபர் ஒன்பது பேருக்கும் தேத்தண்ணி சொன்னார். அவர்கள் குடித்தார்கள், அனுசரிக்கவில்லை. நாலாம் நாள் அவரே வெள்ளைப் பெயின்ற் எடுத்துப் பலகையின் நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டார், ஒரு பாதி காலைப் பிள்ளைகளுக்கு, மறுபாதி எங்களுக்கு. அன்றைக்குத்தான் நான் நிமிர்ந்து நின்று எழுதினேன். தாத்தாவின் மகள் பின் வாங்கிலிருந்தே கணக்கை முடித்து, மீதி பூச்சியம் என்றாள். எனக்குக் கண் கலங்கியது. வெண்கட்டித் தூள் என்று சமாளித்தேன்.

பின்னேரப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. றகுமா தாத்தா மன்னாருக்குத் திரும்பிப்போய் அங்கேயே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். கோடு போட்ட பலகை எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. அகதிகளை அரவணைத்த பள்ளிக்கூடம் என்று மேடையில் ஒருவர் முழங்கினார். நானும் கைதட்டினேன்.

இறங்கி வரும்போதுதான் திரைக்குக் கீழே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். 'ஏ வகுப்பு மாணவர்கள் மட்டும்.' பி வகுப்பில் படிப்பது உப்பளத்திலும் இறால் பண்ணையிலும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே நின்றார்கள். பெற்றோர் வட்சப் குழுவில் படம் போட்டாயிற்று, இதயம் இதயமாக வந்து கொட்டுகிறது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நான் சுவரோரம் பார்த்தேன். ஒரு உம்மாவும் இல்லை.

புது அதிபரிடம் மெல்லக் கேட்டேன். "தற்காலிகமாத்தான் சேர்" என்று தேத்தண்ணி தந்தார்.

குடித்துவிட்டு வந்தேன்.